இருட்டைப் பகலில் தேடுங்கள்

வேனுக்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, வாரக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்பிவிடும் பிள்ளைகளை எங்கள் காடாம்புலியூர்ப் பக்கத்திலும் இப்போது பார்க்கிறேன். சிலர் தொலைநோக்கியும் வாங்கிவிட்டார்கள். அவர்கள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "பெரியப்பா, நல்ல இருட்டான இடம் எங்க இருக்கு?"

ஊர்ப்பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் போன வருடம் இருட்டாகக் கிடந்த முச்சந்தியில் இந்த வருடம் ஹைமாஸ்ட் விளக்கு நிற்கும். போன மாதம் திறந்து கிடந்த தோப்பில் இந்த மாதம் அறுவடைக் காவல் நடக்கும். இடம் மாறிக்கொண்டே இருக்கும். தேடும் முறை மாறாது. அந்த முறையில் முக்கால் பங்கு பகலில் செய்யும் வேலை. புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை.

1. நம் ஊர் வானத்தை மட்டமாக நினைக்காதீர்கள்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறோம். அதனால் துருவ நட்சத்திரம் வடக்கே 12 பாகை உயரத்தில் நிற்கிறது. தெற்குச் சிலுவை 18 பாகை வரை ஏறும். அகத்தியர் நட்சத்திரம் 25 பாகையைத் தாண்டும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. இதை வைத்தே அளந்துகொள்ளலாம். லண்டன்வாசிக்குத் தன் ஊரிலிருந்து அகத்தியரை ஒருநாளும் பார்க்க முடியாது. ஜவ்வாது மலையில் ஆய்வகம் அமைக்கக் காவலூரை வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்ததற்கு, வடவானம், தென்வானம் இரண்டையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம். அந்த வசதி நமக்கும் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது.

2. இருட்டை ஊராகத் தேடாமல் திசையாகத் தேடுங்கள்.

நம் கடலூர் மாவட்டத்தில் நாலு பக்கமும் இருட்டான இடம் கிடைப்பது அரிது. ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் போதும். அது நீங்கள் பார்க்க நினைக்கும் பக்கமாக இருக்க வேண்டும். காடாம்புலியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பண்ருட்டி, கிழக்கே கடலூரும் சிப்காட்டும், தெற்கே நெய்வேலி. நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் இராப்பகலாக இயங்குபவை. அவற்றின் வெளிச்சம் தெற்கு அடிவானத்தில் கவிழ்ந்த கூடை மாதிரி எழுந்து நிற்கும். அகத்தியரும் தெற்குச் சிலுவையும் விருச்சிகத்தின் வாலும் வருவது அந்தப் பக்கம்தான். ஆக, நம் ஊரில் நின்றுகொண்டு மேற்கு வானம் பார்க்கலாம். உச்சி வானம் பார்க்கலாம். தென்வானத்துக்கு நெய்வேலியைத் தாண்டிப் போய், அந்த வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் பக்கம் போனால் நெய்வேலி வடக்கே போய்விடும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பெரிய வெளிச்சம் எந்தப் பக்கம், எனக்கு வேண்டிய நட்சத்திரம் எந்தப் பக்கம்?

3. ஒளிமாசு வரைபடத்தைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

செயற்கைக்கோள் எடுத்த இரவுப் படங்களை வைத்து நிறம் தீட்டிய வரைபடங்கள் செல்போனிலேயே கிடைக்கின்றன. தேடலைத் தொடங்க அவை நல்ல துணை. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது மேல்நோக்கிப் போகும் வெளிச்சத்தை. நீங்கள் நிறுத்தும் இடத்துக்கு எதிரே பம்புசெட் கொட்டகையில் எரியும் ஒற்றை எல்.இ.டி. விளக்கு அதில் தெரியாது. உங்கள் இரவைக் கெடுக்க அது ஒன்றே போதும். இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலான வரைபடங்களுக்கு ஆதாரமான செயற்கைக்கோள் கருவிக்கு நீல ஒளி புலப்படாது. இப்போதைய வெள்ளை எல்.இ.டி.களில் நீலம் அதிகம். வானத்தில் அதிகம் சிதறுவதும் நீலம்தான். பழைய மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை விளக்குப் போட்ட ஊர், படத்தில் இருட்டாகத் தெரிந்தாலும் நேரில் வெளுத்துப் போயிருக்கும். கடலோரத்தில் இறால் பண்ணை விளக்குகளையும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. தினசரிக் காலண்டர்தான் உங்கள் முதல் கருவி.

சந்திரன் இருக்கும் இரவில் எந்த இடமும் இருட்டு இல்லை. சாயங்காலமே பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டுமென்றால், தேய்பிறைச் சஷ்டியிலிருந்து வளர்பிறைத் திருதியை வரை கிளம்பலாம். விடியற்கால வானம் வேண்டுமென்றால் அமாவாசையிலிருந்து வளர்பிறை அஷ்டமி வரை. அஷ்டமிச் சந்திரன் நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். சூரியன் மறைந்ததும் இருட்டிவிட்டதாக எண்ண வேண்டாம். நம் ஊரில் முழு இருட்டு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

நம் மாவட்டத்துக்கு ஒரு நல்ல ஏற்பாடு அமைந்திருக்கிறது. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை, வடலூரில் தைப்பூசம், கடலோரத்தில் மாசிமகத் தீர்த்தவாரி மூன்றும் பௌர்ணமியை ஒட்டியே வரும். சாலையில் கூட்டமும் சீரியல் செட்டும் பெருகும் நாள்களும், வானம் பார்க்க ஆகாத நாள்களும் ஒன்றே. விழாவுக்குப் போங்கள், இரண்டு வாரம் கழித்து வானத்துக்குப் போங்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசையில் மட்டும் கடற்கரையை விட்டுவிடுங்கள். விடியுமுன்பே தர்ப்பணத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

5. மாதத்தை அறிந்து கிளம்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம் கரையில்தான் கொட்டும். அப்போது வண்டியைப் பழுது பாருங்கள். தை பிறந்தால் பங்குனி முடிய நமக்கு நல்ல காலம். தை, மாசி முன்னிரவில் கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் திருவாதிரையும் தலைக்கு மேல் இருக்கும். அகத்தியர் தெற்கே நிற்பார். மார்ச் கடைசியில் நள்ளிரவுக்குத் தெற்குச் சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். மே நடுவில் இரவு 9 மணிக்கே அங்கே வந்துவிடும். பால்வீதியின் நடுப்பகுதியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாசி, பங்குனியில் விடியற்காலை தென்கிழக்கைப் பார்க்க வேண்டும்; மே நடுவில் என்றால் இரவு 2 மணிக்குத் தெற்கே. ஆடி மாதம் இரவு 9 மணிக்கே அது உயரத்தில் இருக்கும், மேகம் விடாது.

தையில் ஒரு தொல்லை பனி. நெல் வயல்களுக்கு நடுவே பின்னிரவில் மூடுபனி தரையோடு படரும். விடியற்காலைப் பார்வைக்கு வயலை விட்டு மேட்டு நிலத்துக்கு வந்துவிடுவது மேல்.

6. தங்க நினைக்கும் இடத்துக்கு ஒருமுறை பகலில் போய் வாருங்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பேன் என்பவர்கள் இதைக் கடைப்பிடியுங்கள். இருசக்கர வண்டியில் போனாலும் போதும். போய் நின்று பார்க்க வேண்டியவை: தெற்கு அடிவானத்தை மரம் மறைக்கிறதா, உயர் அழுத்த மின்கம்பி தலைக்கு மேல் போகிறதா, தென்னைக்கு அடியில் நிறுத்த நேருமா, வேன் திரும்ப இடம் இருக்கிறதா, கப்பிச் சாலை எங்கே முடிகிறது, செல்போனில் சிக்னல் எத்தனை கோடு. மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். பண்ருட்டிச் செம்மண் தண்ணீரைக் குடித்துவிடும். மழை விட்டதும் சக்கரத்தைத் தாங்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் அப்படியில்லை. ஒரு தூறல் போதும், காலையில் டிராக்டர் தேடிப் போக வேண்டியிருக்கும்.

பகலில் பார்த்த இடத்தில் சூரியன் மறையும் வரை இருந்து, எந்தெந்த விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டுத் திரும்புங்கள். அப்போதுதான் தேடல் முடிந்ததாகக் கணக்கு.

7. நிலம் யாருடையது என்று தெரியாமல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நம் பக்கம் வெறும் நிலம் என்று எதுவும் கிடையாது. முந்திரிக்காடு காடு மாதிரித் தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். பங்குனியிலிருந்து வைகாசி வரை கொட்டை விழும் காலம். இரவில் காவல் இருப்பார்கள். அந்த நேரத்தில் பெயர் தெரியாத வேன் ஒன்று விளக்கை அணைத்துவிட்டுத் தோப்பு ஓரம் நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பலாத் தோப்புக்கும் இதே கணக்கு.

பகலில் போய்ப் பேசுங்கள். "ஐயா, வணக்கம்ங்க. நாங்க காடாம்புலியூர்லேர்ந்து வர்றோம். அமாவாசை அன்னிக்கு ராத்திரி இங்க வேனை நிறுத்தி நட்சத்திரம் பாக்கலாம்னு இருக்கோம். புள்ளைங்களும் வருவாங்க. நெருப்பு மூட்ட மாட்டோம், குப்பை போட மாட்டோம்." இவ்வளவு சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "நட்சத்திரத்துல என்னப்பா இருக்கு பாக்க?" என்று கேட்பார்கள். கூப்பிட்டுக் காட்டுங்கள். ஊராட்சித் தலைவருக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் வண்டி எண்ணைச் சொல்லி வையுங்கள். மீனவக் கிராமமானால் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் கரையில் இறங்காதீர்கள்.

8. சில இடங்களில் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் தங்கக் கூடாது.

ஆற்றுப்படுகை முதலாவது. தென்பெண்ணையிலும் கொள்ளிடத்திலும் மணல் வெள்ளையாகப் பரந்து கிடக்கும்; வானம் முழுக்கத் திறந்திருக்கும். அங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழைக்கு அணை திறப்பார்கள். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் விட்ட தண்ணீர் கடலூர் வரை என்ன செய்தது என்பதை நம் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது புயல் காலம் என்பீர்கள். எந்தக் காலமானாலும் தூங்குகிறவனுக்குத் தண்ணீர் சொல்லிவிட்டு வராது.

இரண்டாவது ஏரிக்கரை. வீராணத்தின் கரை கிழக்குப் பக்கம் இருப்பதால் மேற்கே தண்ணீருக்கு மேல் மறையும் நட்சத்திரங்கள் அழகாகத் தெரியும். ஆனால் கரைமேல் போவது சாலை. அங்கே வண்டியை நிறுத்தினால் உங்களுக்கும் ஆபத்து, வருகிறவருக்கும் ஆபத்து. கரையிலிருந்து இறங்கி, கேட்டு வாங்கிய இடத்தில் நிறுத்துங்கள்.

மூன்றாவது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். பிச்சாவரம் அலையாத்திக் காடும் இதில் அடக்கம்; பகலில் படகில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். நாலாவது நெடுஞ்சாலை ஓரம். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் லாரி ஓட்டுநருக்குத் தூக்கம் வரும் நேரமும் நீங்கள் வானம் பார்க்கும் நேரமும் ஒன்று.

9. கதிரடிக்கும் களத்தை மறக்காதீர்கள்.

ஊருக்குச் சற்று வெளியே, மரமில்லாமல், சிமெண்டுத் தளம் போட்டு, வண்டி போய்வரப் பாதையோடு இருக்கும் களத்தைவிட வானம் பார்க்கத் தோதான இடம் நம் கிராமங்களில் இல்லை. பாம்பு வந்தால் தெரியும். தொலைநோக்கியின் கால் ஆடாது. அறுவடை நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள். நெல் காயும், இயந்திரம் இரவெல்லாம் வெளிச்சத்தோடு ஓடும். அறுவடை முடிந்து களம் காலியானதும் கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவார்கள். பகலெல்லாம் சுட்ட சிமெண்டு முன்னிரவில் அனலை விடும். அதற்கு மேலே நட்சத்திரம் தளும்பித் தெரியும். 10 மணிக்கு மேல் அடங்கிவிடும். அடுத்ததாகக் கடலோரச் சவுக்குத் தோப்பின் ஓரம். சாமியார்பேட்டை போன்ற கரைகளில் சவுக்கு மரங்கள் ஊர் வெளிச்சத்தைத் தடுக்கும். கிழக்கே படகு விளக்குகளும், கண்ணாடியில் படியும் உப்புக் காற்றும்தான் அங்கே குறை.

10. வண்டியைச் சட்டப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் ஓட்டுவது பழைய வேனை மாற்றிக் கட்டியதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, நிறுவனம் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இருக்கையை எடுத்துக் கட்டில் போடுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு ஒப்புதல் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் விபத்துக் காப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனி பேட்டரி வையுங்கள். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் இரவெல்லாம் விசிறி ஓட்டினால் காலையில் தள்ள ஆள் தேட வேண்டும்.

11. உங்கள் வண்டியே பெரிய ஒளிமாசு.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். வெளிச்சம் இருக்கும்போதே வந்து, வெளியேறும் பக்கம் முகம் வைத்து வண்டியை நிறுத்துங்கள். நடுராத்திரியில் ரிவர்ஸ் விளக்கு எரிய வேண்டியிருக்காது. கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை அணைத்து வையுங்கள். இன்வெர்ட்டர், சார்ஜர், ரேடியோ ஆகியவற்றில் மினுக்கும் பொட்டு விளக்குகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாவியை அழுத்தினால் நாலு பக்கமும் பளிச்சிடும் வண்டியானால் கையால் பூட்டுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கலர் தாள் இரண்டு மூன்று மடிப்புச் சுற்றுங்கள். செல்போனைப் பையில் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

12. மூடிய வண்டிக்குள் எதையும் எரித்தபடி தூங்காதீர்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடு காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். ஏ.சி.க்காக எஞ்சினை ஓட விட்டுத் தூங்குவது, குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது, கேஸ் அடுப்பைச் சிறு தீயில் விட்டுவிடுவது எல்லாம் ஒன்றுதான். சமையலை வெளியே முடியுங்கள். தூங்கும்போது எதிரெதிர் ஜன்னல்கள் கொஞ்சம் திறந்திருக்கட்டும். கொசுவுக்கு வலை அடியுங்கள்.

13. பாம்புக்கும் நெருப்புக்கும் பயப்படுங்கள்.

முந்திரிச் சருகுக்குள் விரியன் கிடந்தால் டார்ச் அடித்தாலும் தெரியாது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்தவரைக் கடித்தால் வலியே இல்லாமல் போவதுண்டு. தரையில் பாய் விரித்து வானம் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு மடக்குக் கட்டில் வாங்குங்கள். கணுக்கால் மூடும் காலணியும், நடக்கும்போது கீழ்நோக்கிய சிவப்பு விளக்கும் வேண்டும். கடி பட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனை பக்கம் என்பதையும் பகலில் போனபோதே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவது சினிமாவுக்குச் சரி. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீ 20 பேருக்கு மேல் பலி வாங்கியது நம் மாசி, பங்குனி வெயிலில்தான். வானம் பார்க்க வந்தவருக்குத் தீ வெளிச்சமும் வேண்டாத வெளிச்சம்.

14. இடம் எவ்வளவு இருட்டு என்று வானத்தையே கேளுங்கள்.

கார்த்திகைக் கூட்டத்தை வெறும் கண்ணால் எண்ணுங்கள். ஆறு சுலபமாகத் தெரிய வேண்டும். ஏழு, எட்டு தெரிந்தால் நல்ல இடம். அடுத்து, பூசத்தின் அருகே உள்ள தேன்கூட்டுக் கொத்தைத் தேடுங்கள். கருவி இல்லாமல் சிறு புகைத்துண்டு போலத் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தலாம். அமெரிக்காவின் ஜான் போர்ட்டில் 2001-இல் வானத்தின் இருட்டை 1 முதல் 9 வரை தரம் பிரித்தார். 1 முழு இருட்டு, 9 மாநகர மையம். தேதி, திதி, இடம், கார்த்திகையில் எத்தனை, எந்தத் திசையில் வெளிச்சம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு வருடம் எழுதினால், நம் மாவட்டத்துக்கு எந்த வரைபடமும் தராத விவரம் உங்கள் கையில் இருக்கும்.

15. கருவியைக் குறைத்து வாங்குங்கள்.

முதல் வருடத்துக்கு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். பிறகு ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. அதை வண்டிக் கூரைமேல் வைக்காதீர்கள்; உள்ளே ஒருவர் புரண்டு படுத்தாலும் வியாழன் துள்ளும். பனிக்குக் கண்ணாடி வியர்க்கும். குழாய் முனையில் அட்டையைச் சுருட்டி நீட்டிவிட்டால் வெகுநேரம் தாங்கும். நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டும் பச்சை லேசரை விமானத்தின் பக்கமோ வாகனத்தின் பக்கமோ காட்டவே கூடாது.

16. பக்கத்தில் பழகிய பிறகு மலைக்குப் போங்கள்.

திருவண்ணாமலை, போளூர், ஜமுனாமரத்தூர் வழியாகக் காவலூர் போகலாம். 725 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஆய்வகத்தில் 1972-இல் வியாழனின் துணைக்கோள் கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்பதற்குச் சான்று கிடைத்தது; 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததிலும் அதற்குப் பங்குண்டு. 1986-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி பாப்புவின் பெயரில் இன்றும் இயங்குகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகத்தின் பக்கத்தில் வண்டியைப் போட்டுத் தங்க நினைக்காதீர்கள். உங்கள் ஹெட்லைட் அவர்கள் வேலையைக் கெடுக்கும்.

கல்வராயனும் நமக்குப் பக்கம். கொல்லிமலையில் அரியூர் சோலைக் காட்டில் இருண்ட வானப் பூங்கா அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. எந்த மலையானாலும் வனத்துறைச் சோதனைச்சாவடி நேரத்தை முன்பே விசாரியுங்கள். பண்ணாரி–திம்பம் மலைச்சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. நேரம் தெரியாமல் போனால் அடிவாரத்தில்தான் விடியும். மலை ஏறுவதைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுங்கள்.

17. இருட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தங்கிய களத்தைப் பெருக்கிவிட்டு, நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கோளையோ நிலாப் பள்ளங்களையோ காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளைகளே தெருவிளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பார்கள். இது நடக்காத காரியமில்லை. லடாக்கின் ஹன்லேயில் 2022-இல் இருண்ட வானக் காப்பகம் அறிவித்தபோது, அங்குள்ள கிராமத்தாரே ஜன்னலுக்குத் திரையும் விளக்குக்கு மூடியும் போட ஒப்புக்கொண்டார்கள். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். தெருவிளக்கின் மேல்பக்கம் மூடி இருந்து, வெளிச்சம் தரையில் மட்டும் விழுந்தால் போதும். நடக்கிறவருக்கு வெளிச்சம் குறையாது. குறைந்த வாட் விளக்கே போதும் என்பதால் ஊராட்சிக்கு மின்கட்டணமும் மிச்சம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று, உங்கள் தெருவிளக்குகளுக்கு மூடி போடச் சொல்லிக் கேளுங்கள்.